கொல்கத்தா மொட்டைமாடியில் கோள் படம்: முதலில் எந்த ஃபில்டர்?

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. கையில் ஐந்து அல்லது ஆறு அங்குல டெலஸ்கோப். அதோடு சேர்ந்து வந்த, அல்லது ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல ஃபில்டர் செட். கோள்களுக்கென்று வாங்கிய ஒரு சின்ன கலர் கேமரா. நாலு ஃபில்டரையும் மாற்றி மாற்றிப் போட்டு வியாழனை எடுத்தோம், நாலும் நாலு நிறத்தில் கலங்கலாகவே வந்திருக்கிறது, இப்போது எதை வாங்க வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாலையும் எடுத்து வையுங்கள். அவை கண்ணால் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை, கேமராவுக்காக அல்ல. கலர் கேமராவுக்கு, புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் ஒரு யூவி-ஐஆர் கட் ஃபில்டர் வேண்டும். அதற்கு அடுத்ததாக, 685 நானோமீட்டருக்கு மேல் உள்ள ஒளியை மட்டும் விடுகிற ஐஆர்-பாஸ் ஃபில்டர். இந்த இரண்டோடு ஒரு வருடம் ஓட்டுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் அந்த நாலும் கலங்கின? கேமராவின் சென்சாருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் தெரியும்; ஏறக்குறைய 1000 நானோமீட்டர் வரை அது உணரும். அந்த செட்டில் வரும் நீலம் கண்ணுக்குத்தான் நீலம். 80ஏ என்று எண் போட்ட அந்த ஃபில்டர், நீலத்தோடு சேர்த்து அகச்சிவப்பையும் கதவு திறந்து உள்ளே விட்டுவிடுகிறது. பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் வழியே வரும்போது இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. நீலத்துக்கு ஃபோகஸ் வைத்தால் அகச்சிவப்பு மங்கல், அதற்கு வைத்தால் இது மங்கல். நீங்கள் நீலப் படம் என்று நினைத்து எடுத்தது இரண்டின் கலவை.

சந்தேகமிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். கேமராவின் முன்னால் ஃபில்டரை வைத்து, டிவி ரிமோட்டை அதற்கு நேராக நீட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டின் விளக்கு பொதுவாக 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் மின்னும். கணினித் திரையில் ஹிஸ்டோகிராம் துள்ளினால் ஃபில்டர் ஒழுகுகிறது. பிறகு அதோடு யூவி-ஐஆர் கட்டையும் சேர்த்து வைத்து மறுபடி அழுத்துங்கள். துள்ளல் நின்றுபோனால் அந்தச் சோடியை நம்பி ஆகாயத்துக்குத் திருப்பலாம்.

ஒரு ஃபில்டரை இன்னொன்றால் சோதிக்கும் பழக்கத்துக்கு இந்த ஊரில் பெரிய முன்னோடி உண்டு. பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், 1928-இல் சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் செய்தது இதைத்தான். 18 சென்டிமீட்டர் அகலமும் 230 சென்டிமீட்டர் குவியத்தூரமும் உள்ள ஒரு டெலஸ்கோப் லென்ஸால் சூரிய ஒளியைத் திரட்டினார்கள். அதன் பாதையில் நீல-ஊதா ஃபில்டர் ஒன்று. அது விடுவதை முழுக்கத் தடுக்கும் மஞ்சள்-பச்சை ஃபில்டர் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒளியே வராது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார்கள். பிறகு இரண்டாவதைத் திரவத்துக்கு அப்பால், பார்க்கும் பக்கம் மாற்றி வைத்தார்கள். அப்போதும் மெல்லிய ஒளித்தடம் தெரிந்தது. திரவத்துக்குள் ஒளியின் நிறம் மாறியிருக்கிறது என்று துணிந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஃபில்டர் ஒழுகவில்லை என்று முன்பே தெரிந்திருந்ததுதான். நாம் நோபல் பரிசுக்கு முயலவில்லை என்றாலும் ரிமோட் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இப்போது ஏன் ஐஆர்-பாஸ்? நகர வெளிச்சத்தால் கோள் படம் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். கெடாது. வியாழனும் செவ்வாயும் வெள்ளியும் அத்தனை பிரகாசம். எஸ்பிளனேடு நடுவில் நின்றும் எடுக்கலாம். கொல்கத்தாவில் நம் எதிரி காற்று. அதில் இரண்டு குறை. ஒன்று, குளிர்காலம் முழுக்கத் தலைக்கு மேல் தொங்கும் புகைமூட்டம். மற்றது அதற்கும் மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அது இமயத்துக்குத் தெற்கே இறங்கி வட இந்தியாவின் மேல் ஓடுகிறது. 13 டிகிரி அட்சரேகையில் உள்ள சென்னையை விட, 22.5 டிகிரியில் உள்ள கொல்கத்தாவுக்கு அது அதிகம் நெருக்கம். கீழே இலை அசையாத ராத்திரியிலும் திரையில் வியாழன் கொதிப்பது இதனால்தான்.

காற்றுத் திட்டுகள் ஒளியைக் குலைக்கும் அளவு எல்லா நிறத்துக்கும் ஒன்றல்ல. ஒழுங்காக நிற்கும் ஒரு திட்டின் பயனுள்ள அகலம், அலைநீளத்தின் 1.2 அடுக்காக வளர்கிறது. நீலத்தில், அதாவது 450 நானோமீட்டரில், ஓர் இரவு அந்த அகலம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் 750 நானோமீட்டரில் அது கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர். உங்கள் ஆறு அங்குலக் கண்ணாடியின் அகலமும் அதுவே! நீலத்தில் பல துண்டாக உடைந்து ஆடும் பிம்பம், அகச்சிவப்பில் ஒரே துண்டாக, லேசாக அசைந்தபடி நிற்கிறது. ஏட்டுக் கணக்குப்படி நீலத்தில்தான் நுட்பம் அதிகம் தெரிய வேண்டும். அலை குட்டையானது அல்லவா. ஆனால் காற்று அதைத் தருவதில்லை. கைக்கு வராத நுட்பத்தை நம்பி நீல ஃபில்டருக்குப் பணம் போடாதீர்கள்.

புகைமூட்டத்துக்கும் இதே மருந்துதான். 1924-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் டபிள்யூ.எச். ரைட் என்பவர் செவ்வாயை ஊதாவிலும் அகச்சிவப்பிலும் தனித்தனியாகப் படமெடுத்தார். ஊதாவில் செவ்வாயின் தரை அடையாளங்கள் காணாமல் போயின; அகச்சிவப்பில் பளிச்சென்று தெரிந்தன. அதற்கு விளக்கமாக, மலை மேலிருந்து தூரத்து சான் ஹோசே நகரத்தையும் அதே இரண்டு ஒளியில் எடுத்து அருகில் வைத்துக் காட்டினார். ஊதாவில் வெறும் புகை, அகச்சிவப்பில் ஊர். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஜனவரி மதியம் மொட்டைமாடியிலிருந்து வித்யாசாகர் சேதுவின் தூணோ தூரத்து அடுக்குமாடியோ தெரிந்தால், நீலத்தில் ஒன்று, ஐஆர்-பாஸில் ஒன்று எடுங்கள். பிறகு எந்த ஃபில்டர் என்று யாரையும் கேட்க மாட்டீர்கள்.

கடையில் 642, 685, 742, 807, 850 என்று பல எண்களில் கிடைக்கும். எண் ஏற ஏற பிம்பம் அமைதியாகும், வெளிச்சம் குறையும். எட்டு அங்குலத்துக்குக் கீழே 685-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. 807 போட்டால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டி வரும்; கூட்டிய அந்தச் சில மில்லி விநாடியில் காற்று மறுபடி பிம்பத்தைக் குலைத்துவிடும்.

இனி கோள் வாரியாக. வியாழனுக்கு யூவி-ஐஆர் கட் போட்டு ஒரு கலர் வீடியோ, உடனே ஐஆர்-பாஸ் போட்டு இன்னொன்று. இரண்டிலும் ஒரே வியாழன் தெரியாது. பெருஞ்சிவப்புப் புள்ளி நீல ஒளியில் கருத்து நிற்கும், அகச்சிவப்பில் வெளுத்து அடையாளமில்லாமல் போகும். நிலநடுக்கோட்டுப் பட்டையிலிருந்து கொக்கி போலத் தொங்கும் சாம்பல்-நீலக் கீற்றுகளோ அகச்சிவப்பில் நன்றாகக் கருக்கும். இதனால்தான் அகச்சிவப்புப் படத்தைக் கலர் படத்தின் மேல் ஏற்றி ‘கூர்மை’ கூட்டும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சிவப்புப் புள்ளி சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். அகச்சிவப்பைக் கறுப்பு-வெள்ளையாகவே, தனிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதில்தான் சுவாரசியம்.

889 நானோமீட்டரில் மீத்தேன் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. அதில் வியாழன் இருண்டு, உயரத்தில் மிதக்கும் மேகமும் சிவப்புப் புள்ளியும் மட்டும் ஒளிரும். அருமையான படம். ஆனால் பத்து அங்குலமாவது இல்லாமல் அதை வாங்குவது வீண் செலவு.

செவ்வாய்க்கு ஐஆர்-பாஸ் தரையைக் காட்டும். நீலம் மேகத்தைக் காட்டும். மோனோ எனும் கறுப்பு-வெள்ளைக் கேமரா வைத்திருப்பவர்கள், சிவப்புப் படத்தைக் கூர்மைக்கு அடிப்படையாகச் செவ்வாயில் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே நிறம் கெடாது. சனிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வெளிச்சம் குறைவு, யூவி-ஐஆர் கட்டோடு கலரில் எடுங்கள், போதும்.

வெள்ளிதான் ஃபில்டர்காரர்களின் கோள். சாதாரண ஒளியில் அது வெறும் வெள்ளைப் பிறை. புற ஊதாவில் மேகத்தின் கருத்த பட்டைகள், சில நாட்களில் ஆங்கில ‘ஒய்’ எழுத்து போல, எழும்பி வரும். இதில் கொல்கத்தாக்காரர்களுக்கு உற்சாகம் தரும் கதை ஒன்று இருக்கிறது. 1957-இல் சார்ல் புவாயே என்ற பிரெஞ்சு நீதித்துறை அதிகாரி, ஆப்பிரிக்காவில் காங்கோ நதிக்கரையில் உள்ள பிராசவில் நகரத்திலிருந்து 26 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பால் வெள்ளியை இப்படிப் படமெடுத்தார். ஒரே கருமை நாலு நாளுக்கொரு முறை திரும்பி வருவதைக் கண்டார். வெள்ளியின் உடல் ஒரு சுற்று சுற்ற 243 நாள் ஆகிறது. மேல் மேகமோ நாலே நாளில் கோளைச் சுற்றி வந்துவிடுகிறது. பிக் து மிடி மலை வானாய்வகத்தின் ஆன்றி காமிஷெலோடு சேர்ந்து புவாயே இதை அறிவித்தபோது நம்பியவர்கள் குறைவு. 1974-இல் மாரினர் 10 விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்து உறுதி செய்தது. பிராசவில் ஒன்றும் வறண்ட மலையுச்சி அல்ல. புழுக்கமான ஆற்றங்கரை ஊர்தான்.

ஆனாலும் வெள்ளிக்கென்றே விற்கிற, 350 நானோமீட்டர் ஒட்டிய ஃபில்டரை உடனே வாங்கச் சொல்ல மாட்டேன். விலை அதிகம். குளிர்காலப் புகைமூட்டம் புற ஊதாவைத்தான் முதலில் விழுங்கும். லென்ஸ் வைத்த டெலஸ்கோப்பும் சில பார்லோக்களும் மிச்சத்தை விழுங்கும். நியூட்டோனியன் வகைக் கண்ணாடி டெலஸ்கோப்தான் இதற்குத் தோது. முதலில் ராட்டன் 47 என்ற அடர் ஊதா ஃபில்டரோடு யூவி-ஐஆர் கட்டைச் சேர்த்து முயலுங்கள். 47 தனியாக அகச்சிவப்பை ஒழுகவிடும். ரிமோட் சோதனை இங்கேதான் மிக முக்கியம். கிடைப்பது ஊதா, முழுப் புற ஊதா அல்ல. இருந்தும் பட்டைகள் மங்கலாகப் பிடிபடும். கால்பைசாகி என்னும் கோடை இடிமழை அடித்துக் கழுவிவிட்டுப் போன மறுநாள், வெள்ளி மாலை வானில் உயரத்தில் இருந்தால், வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் வெள்ளியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு: சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடத்தில் நின்று தேடுங்கள். ஐபீஸில் கண் வைத்தபடி டெலஸ்கோப்பை ஆகாயத்தில் துழாவாதீர்கள். சூரியன் ஒரு நொடி உள்ளே வந்தால் பார்வை போய்விடும்.

அடுத்து மொட்டைமாடி. புறக்கடை என்ற ஒன்று கொல்கத்தா ஃபிளாட்டில் ஏது? ‘சாத்’ என்று இங்கே சொல்லும் மாடிதான் எல்லாம். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஃபில்டரை விடப் பெரிய பிரச்சினை. ஃபிளாட் கமிட்டிச் செயலாளருக்கு ஒருநாள் சனி வளையம் காட்டிவிட்டால் தீர்ந்துவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கக்கும். டெலஸ்கோப்பைத் தண்ணீர்த் தொட்டி மேடை, பக்கத்து வீட்டு ஏசி வெளிப்பெட்டி, சமையலறைப் புகைப்போக்கி ஆகியவற்றின் நேர்கோட்டில் வைக்கவே கூடாது. ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் கண்ணாடியை ஆறவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கணினியிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன் ஒன்று இருந்தால் பாதி நேரம் மிச்சம். வீடியோ ஓடும்போது மாடியில் நடக்காதீர்கள், திரை துள்ளும். நவம்பர் பிறந்தால் பனி. ‘ஹிம்’ விழுகிறது, தலையில் ஏதாவது போட்டுக்கொள் என்று எதிர்வீட்டு மாஷிமா எச்சரிப்பார். கொல்கத்தாவின் குரங்குக் குல்லாய்க்குக் காரணமான அந்த ஹிம், உங்கள் தலையை விட டெலஸ்கோப்பின் சிறிய கண்ணாடியையும் ஃபில்டரையும்தான் முதலில் பிடிக்கும். குழாய் வாயில் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி ஒரு முழம் நீட்டி வையுங்கள்.

வியாழனைப் படமெடுக்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். டெலஸ்கோப் எஃப்/8, இரண்டு மடங்கு பார்லோ, எஃப்/16. கேமராவின் பிக்சல் 2.9 மைக்ரான். பிக்சலை ஐந்தால் பெருக்கிய அளவுக்கு எஃப் எண் இருந்தால் சரி என்பது கோள் படக்காரர்களின் கணக்கு, 14.5 வருகிறது, 16 தோது. ஃபயர்கேப்ச்சர் அல்லது ஷார்ப்கேப் மென்பொருளில் கோளைச் சுற்றி 640-க்கு 480 கட்டம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் 10 மில்லி விநாடிக்கு மேல் வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் கெயினைக் கூட்டுங்கள். படம் மணல் மணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆயிரக்கணக்கான ஃபிரேமை அடுக்கும்போது அது கரைந்துவிடும். ஃபோகஸை வியாழனின் விளிம்பில் பார்க்காதீர்கள். அதன் நிலவுகளில் ஒன்றைப் பாருங்கள். அது மிகச் சிறிய புள்ளியாகும் இடமே ஃபோகஸ். ஃபில்டரை மாற்றினால் ஃபோகஸையும் மறுபடி பாருங்கள், கட்டாயம்.

எவ்வளவு நேரம் எடுக்கலாம்? வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதன் வட்டு 45 ஆர்க் செகண்ட் இருக்கும் காலத்தில், நடுவிலுள்ள அடையாளம் நிமிடத்துக்கு சுமார் 0.24 ஆர்க் செகண்ட் நகரும். ஆறு அங்குல டெலஸ்கோப் பிரித்துக் காட்டும் எல்லை ஏறத்தாழ 0.77. ஆக மூன்று நிமிடம். 100 ஃபிரேம் வேகத்தில் 18,000 ஃபிரேம். ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அவற்றில் நல்ல 15 அல்லது 20 சதவீதத்தை மட்டும் அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மைப்படுத்துங்கள். வியாழனைச் சுற்றிக் கறுப்பு வளையமோ வெள்ளை விளிம்போ தோன்றினால் கூர்மை கூடிவிட்டது. ஒரு படி பின்வாங்குங்கள். செவ்வாய் நம் நாளைப் போல மெல்லச் சுற்றுவதால் பத்து நிமிடம் கூட எடுக்கலாம்.

கோள் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது காற்று முப்பட்டகமாகி, நீலத்துக்கும் சிவப்புக்கும் ஒன்றரை ஆர்க் செகண்ட் அளவு விலகல் உண்டாக்கும். கலர் படத்தில் மேல் விளிம்பு நீலம், கீழ் விளிம்பு சிவப்பு. ஐஆர்-பாஸில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கோள் ஏறும் வரை அகச்சிவப்பு எடுங்கள், தலைக்கு மேல் வந்தபின் கலர்.

தலைக்கு மேல் வரும் காலமும் வருகிறது. 2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி வியாழனும், 19 அன்று செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். இரண்டும் கொல்கத்தாவில் 80 டிகிரிக்கு மேல் ஏறும்; உச்சிக்கு வருவது நள்ளிரவுக்குச் சற்று முன்னால். செவ்வாய் அப்போது 13.8 ஆர்க் செகண்ட்தான், சின்னது. ஆனால் வட துருவப் பனித்தொப்பி நம் பக்கம் சாய்ந்திருக்கும். செவ்வாயின் மேகத்துக்காக நீல ஃபில்டர் வாங்க ஆசை இருந்தால் அதற்குள் வாங்குங்கள். அதற்கு முன், 2026 அக்டோபர் 4 சனியின் முறை. 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் காட்டிய வளையம் மெல்லத் திறந்து வரும் காலம் அது. பருவமழை விலகி, ஜெட் காற்று இன்னும் இறங்காத அக்டோபர்தான் இங்கே பிம்பம் நிற்கும் மாதம். காளி பூஜைப் பட்டாசுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த ஒவ்வொரு வீடியோவுக்கும் நேரம், ஃபில்டர், எக்ஸ்போஷர், கோளின் உயரம் எழுதி வையுங்கள். நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள், அதாவது நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து. வின்ஜூபோஸ் மென்பொருளுக்கும், பிரிட்டிஷ் வானியல் சங்கம் போன்ற இடங்களுக்கு அனுப்புவதற்கும் அதுதான் தேவை. குறிப்பு எழுதுவதற்கும் இங்கே முன்னோடி உண்டு: இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசூரின் கருவூலத்தில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரா மாறொளி நட்சத்திரங்களை 37,000-க்கும் மேற்பட்ட தடவை பார்த்து எழுதி அமெரிக்க மாறொளி நட்சத்திரச் சங்கத்துக்கு அனுப்பினார். குறிப்புகளின் தரத்தைப் பார்த்து அந்தச் சங்கம் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கடனாகவே அனுப்பி வைத்தது. பிரிவினைக்குப் பிறகு அவர் குடியேறியது இங்கே பக்கத்தில், பாராசாத்தில்தான். அந்த டெலஸ்கோப் பின்னாளில் வானியலாளர் வைணு பாப்புவிடம் போய்ச் சேர்ந்தது.

ஜூன் மழை தொடங்கினால் ஃபில்டர்களைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். பூஞ்சை ஃபில்டரின் பூச்சில் வேர் விட்டால் துடைத்தாலும் போகாது. ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறவைத்து மறுபடி போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.